மைய ஒலிபெருக்கியும் ஓசூர்ச் சாலையும்: சந்தாபுராவிலிருந்து ஒரு ஹோம் தியேட்டர் வரலாறு

‘ஹோம் தியேட்டர்’ என்னும் சொல் தமிழில் அடைந்துள்ள பொருள் கவனத்திற்குரியது. ஆங்கிலத்தில் அது திரை, ஒலி, இருக்கை, இருட்டு ஆகிய அனைத்தும் சேர்ந்த ஏற்பாட்டைக் குறிக்கும். ‘ஹோம் தியேட்டர் வாங்கியாச்சு’ என்று ஒரு தமிழர் சொல்லும்போது தொலைக்காட்சி அதில் அடங்குவதில்லை. ஐந்து சிறு பெட்டிகளும் ஒரு சப்வூஃபருமே அவர் சொல்லும் பொருள். அவற்றை வைக்கும் முன்னறைக்கு நாம் வழங்கும் பெயரோ ‘ஹால்’. அரங்கைக் குறித்த இரு சொற்களுள் ஒன்று அறையாகவும் மற்றொன்று ஒலிப்பெட்டியாகவும் சுருங்கியதைப் பொருட்சுருக்கம் என்று மொழியியலார் எளிதில் வகைப்படுத்திவிடலாம். ஆனால், திரை விலகி ஒலி மட்டும் பொருளாக எஞ்சியதற்குத் தமிழில் ஒரு முன்வரலாறு உண்டு.

தொலைக்காட்சி வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்ப் படங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. வானொலியின் ஒலிச்சித்திரம் ஒரு முழுப் படத்தைக் குரல்களாகவும் பாடல்களாகவும் சுருக்கித் தந்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) போன்ற படங்களின் கதை வசனம் இசைத்தட்டுகளாகவும் பின்னர் ஒலிநாடாக்களாகவும் விற்கப்பட்டது. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஒலிபெருக்கிகளில் அது முழங்கியது. படத்தைப் பாராமலே அதன் வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்த ஒரு தலைமுறை இருந்தது. ஆக, தமிழரின் முதல் ஹோம் தியேட்டர் ஒற்றை ஒலிபெருக்கியால் ஆனது. அதில் ஒலித்தது பேச்சு.

மேற்கில் பல்திசை ஒலியின் தேடல் தொடங்கியதும் பேச்சிலிருந்துதான். 1931-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் புளும்லைன், திரையின் ஒரு பக்கம் நிற்கும் நடிகரின் குரல் வேறொரு பக்கத்திலிருந்து வருவதைத் திரையரங்கில் கவனித்துக் குறைபட்டார் என்பர். அவ்வாண்டின் இறுதியில் அவர் பதிவுசெய்த காப்புரிமையே இன்றைய ஸ்டீரியோவின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. 1933 ஏப்ரலில் பெல் ஆய்வகத்தார் ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டனில் கேட்கச் செய்தபோது மூன்று தடங்களைப் பயன்படுத்தினர்: இடம், நடு, வலம். 1940-இல் வால்ட் டிஸ்னியின் ‘ஃபேன்டாசியா’ ஒலியைத் திரையரங்கின் சுவர்களுக்கும் கொண்டுசென்றது. 1953-இல் ‘தி ரோப்’ படத்துடன் வந்த சினிமாஸ்கோப் நான்கு காந்தத் தடங்களைப் பரவலாக்கியது. இவை எல்லாவற்றிலும் நடுத்தடத்தின் முதன்மைப் பணி ஒன்றே. அரங்கின் எந்த ஓரத்தில் அமர்ந்தவருக்கும் குரல் திரையின் நடுவிலிருந்தே வர வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் நடந்தது வேறு. 1970களின் நடுவில் டால்பி நிறுவனம் இடம், நடு, வலம், சூழல் என்னும் நான்கு தடங்களை இரண்டுக்குள் பொதிந்து வைக்கும் முறையை வகுத்தது. இரு தடங்களைத் தாங்கும் எந்த வீடியோ நாடாவும் அதனால் நான்கையும் சுமக்க முடிந்தது. 1982-இல் வீட்டுப் பயன்பாட்டுக்கு வந்த முதல் டால்பி சரவுண்ட் கருவிகளோ சூழல் ஒலியை மட்டும் பிரித்துக் கொடுத்தன. நடுத்தடத்தைப் பிரித்தெடுக்கும் புரோ லாஜிக் 1987-இல்தான் வந்தது. வீட்டில் பின்னால் ஒலிக்கும் விளைவுகளுக்கு முதலில் இடம் கிடைத்தது. பேச்சு ஐந்தாண்டுகள் காத்திருந்தது. வணிகத்தில் இது வியப்பல்ல. பின்னால் ஓடும் குதிரைக் குளம்பொலியைக் கடையில் இயக்கிக் காட்டி விற்கலாம். தெளிவான வசனத்தை அப்படிக் காட்டி விற்பது கடினம்.

தமிழ்த் திரையின் ஒலி வரலாற்றை ‘முதன்முதல்’ பட்டங்களின் பட்டியலாக எழுதும் வழக்கத்தால் பெரும் பயன் இல்லை. ஒரே பட்டத்துக்கு மூன்று படங்கள் உரிமை கோரும். ஆயினும் சில நிலைகளைக் குறிக்கலாம். 1978-இல் இளையராஜாவின் ‘ப்ரியா’ பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாயின. 1986-இல் ‘மாவீரன்’ 70 எம்.எம். திரையில் ஆறு தட ஒலியுடன் வந்தது. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையிலும், 1996-இல் ‘கறுப்பு ரோஜா’ டி.டி.எஸ். முறையிலும் வெளியாயின. டி.டி.எஸ்.ஸில் ஒலி படச்சுருளில் இராது. தனிக் குறுந்தகட்டில் இருக்கும். சுருளில் நேரக் குறியீடு மட்டும் ஓடும். ‘டி.டி.எஸ்.’ என்னும் மூன்றெழுத்து அக்காலச் சுவரொட்டிகளில் நடிகர் பெயருக்கு நிகராக அச்சானது. திரையரங்கு மாறியது, ரசிகனின் காதும் மாறியது. வீட்டிலும் அதையே கேட்கும் ஆசை அதன்பின் பிறந்தது.

அந்த ஆசை பெரும்பாலும் நிறைவேறியது சென்னையின் ரிச்சி தெருவிலும் பெங்களூருவின் எஸ்.பி. சாலையிலும். ஜப்பானிய நிறுவனங்களின் ரிசீவர்கள் எட்டா விலையில் இருந்தபோது இந்தத் தெருக்களின் உதிரிபாகங்களைக் கொண்டு கைவினைஞர்கள் ‘அசெம்பிள்டு செட்’களை உருவாக்கினர். எல்.ஏ.4440, டி.டி.ஏ.2030 போன்ற ஐ.சி.க்கள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், பிளைவுட் பெட்டி, வண்ண விளக்குகள் மினுக்கும் முகப்பு. இரு தட ஒலியை ஆறாகப் பிரிக்கும் பலகைகள் பல, உண்மையில் ஒரே ஒலியை ஆறு இடத்தில் ஒலிக்கச் செய்தவையே. பெரிய நிறுவனங்களும் சளைத்தவை அல்ல: பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்ட ‘பி.எம்.பி.ஓ.’ வாட் எந்தத் தர நிர்ணயத்துக்கும் கட்டுப்படாத எண். தொழில்நுட்ப வரலாற்றில் இந்தச் செட்களுக்கு இடமில்லை. சமூக வரலாற்றில் பேரிடம் உண்டு. 5.1 என்னும் எண்ணைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் கர்நாடகத்தின் தொழிற்பேட்டைக் குடியிருப்புகளுக்கும் கொண்டுசென்றவை அவையே. அதே காலத்தில் புலம்பெயர் தமிழர்களோ ஐங்கரன் போன்ற நிறுவனங்களின் டி.வி.டி.க்களில் முறையான 5.1 ஒலியைத் தம் வீடுகளில் கேட்டனர்.

இந்தத் தொழிற்பேட்டை வரலாற்றுக்குள்தான் சந்தாபுரா வருகிறது. 1970களின் இறுதியில் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் ஆகிய ஊர்களில் 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டியை நிறுவியது. அதைக் கடந்து ஓசூர்ச் சாலையில் தெற்கே சென்றால் பொம்மசந்திரா, அடுத்துச் சந்தாபுரா. அத்திப்பள்ளியோடு கர்நாடகம் முடிகிறது. 2010-இல் மேம்பாலச் சாலையும் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரையிலான மஞ்சள் வழி மெட்ரோவும் வந்தன. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரிலிருந்து ஓசூர் சுமார் 15 கிலோமீட்டர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து புழங்கும் இந்த வட்டாரத்தில் ஹோம் தியேட்டருக்கு வசதிப் பொருள் என்பதற்கு மேலான ஒரு பயன் இருந்தது.

கர்நாடகத்தில் 1960களிலிருந்து பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப்பிங் செய்வதற்குத் திரைத்துறை கடும் எதிர்ப்பு கொண்டிருந்தது. சட்டம் ஏதும் அதைத் தடுக்கவில்லை. துறையின் கட்டுப்பாடே தடுத்தது. 2015-இல் இந்தியப் போட்டி ஆணையம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2017-இல் ‘என்னை அறிந்தால்’ கன்னடம் பேசி வந்தது. கன்னடத்தைக் காக்கப் பிறந்த இக்கட்டுப்பாட்டின் எதிர்பாரா விளைவு ஒன்றுண்டு: அரை நூற்றாண்டுக் காலம் பெங்களூருத் திரையரங்குகளில் தமிழ்ப் படம் தமிழிலேயே ஒலித்தது. கன்னடரும் அதைத் தமிழிலேயே கேட்டனர்.

ஆனால் அந்தத் திரையரங்குகள் எப்போதும் திறந்திருக்கவில்லை. 1991 டிசம்பரின் காவிரிக் கலவரம், 2000 ஜூலை 30 முதல் 108 நாட்கள் ராஜ்குமார் வீரப்பனின் பிடியில் இருந்த காலம் எனப் பதற்றம் எழும்போதெல்லாம் முதலில் இறங்கியது தமிழ்ப் படத்தின் சுவரொட்டி. கலைஞர்களை முன்வைத்தும் இது நிகழ்ந்தது. 2018-இல் ‘காலா’வுக்கு எதிர்ப்பு எழுந்து வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2025 மே மாதம் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் சொன்னதைத் தொடர்ந்து ‘தக் லைஃப்’ கர்நாடகத்தில் வெளியாகவில்லை. (ஒப்பிலக்கண நோக்கில் இரு மொழிகளும் தாய்–மகள் உறவுடையவை அல்ல, ஒரே தென் திராவிட மூலத்தின் கிளைகள். கூற்று தவறு. ஒரு தவறான மொழியியல் கூற்றுக்கு விடை திரையை மூடுவதும் அன்று.) ஜூன் 5-இல் மற்ற மாநிலங்களில் படம் வந்தது, பெங்களூரு ரசிகர்கள் ஓசூர்த் திரையரங்குகளுக்குச் சென்றனர். தணிக்கை பெற்ற படத்தைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அம்மாதமே சொன்னது. ஜூலை 3-இல் நெட்ஃப்ளிக்ஸில் படம் வந்தபோது, மாநில எல்லை என்ற கேள்வியே எழவில்லை. சந்தாபுராவில் இருப்பவர் அப்படத்தின் பல்திசை ஒலியைக் கேட்க இரு வழிகளே இருந்தன: 15 கிலோமீட்டர் பயணம் அல்லது நான்கு வாரக் காத்திருப்பும் வீட்டில் ஒரு நல்ல ஒலியமைப்பும்.

எல்லையின் மறுபக்கம் இத்தகைய தடைகள் அறியாதது என்று எண்ண வேண்டியதில்லை. 2013-இல் ஆரோ 3டி என்னும் புதிய ஒலிமுறையை முன்னிறுத்திய ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்க வெளியீட்டுக்கு முந்தைய நாளே டி.டி.ஹெச். வழியாக 1000 ரூபாய்க்கு வீடுகளுக்குக் கொண்டுசெல்லக் கமல்ஹாசன் திட்டமிட்டார். திரையரங்க உரிமையாளர்கள் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. பின்னர்த் தமிழ்நாட்டு அரசே இரு வாரங்கள் படத்துக்குத் தடை விதித்தது. அப்போது தமிழ்ப் படத்தைத் தமிழில் பார்க்கத் தமிழ்நாட்டவர் எல்லை கடந்து கேரளத்திற்குச் சென்றனர்.

இவ்வாறு மொழி கேட்கும் இடமாக மாறிய ஹாலில் ஒலியமைப்பை நிறுவும் முறை பற்றிச் சொல்ல வேண்டியது மீதமிருக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி முன் ஒலிபெருக்கிகள் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலும், சூழல் ஒலிபெருக்கிகள் 100 முதல் 120 பாகைக்குள்ளும், நடுவிலுள்ளது நேர் எதிரிலும் அமைய வேண்டும். அடுக்குமாடி வீட்டில் சோபா பின்சுவரை ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் சுவரே இல்லாமல் சாப்பாட்டு மேசைக்குத் திறந்திருக்கும். கட்டும்போது ஸ்பீக்கர் வயருக்குக் குழாய் விட்டிருக்க மாட்டார்கள். எனவே சூழல் ஒலிபெருக்கிகளைச் சரியாக வைப்பதிலேயே வாங்கியவரின் கவலை முழுவதும் செலவாகிறது. நடுப்பெட்டியோ தொலைக்காட்சி அலமாரியின் அடித்தட்டில், முழங்கால் உயரத்தில், செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் ஒதுங்குகிறது.

இதில் மொழியியலுக்கும் ஒரு பங்குண்டு. தமிழின் ல, ள, ழ வேறுபாட்டைச் செவி உணர்வது ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பகுதியில்தான். ழகரத்தில் மூன்றாம் ஒத்ததிர்வு கீழே இறங்கும். இரு பக்கமும் ஊஃபர், நடுவே ட்வீட்டர் எனப் படுக்கவைத்த வழக்கமான நடுப்பெட்டிகளில், பக்கவாட்டில் அமர்ந்தவருக்கு ஊஃபர்கள் இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று தேய்ப்பதும் பெரும்பாலும் இதே பகுதியில். சோபாவின் ஓரத்தில் அமரும் பாட்டி ‘வசனம் புரியலை, சத்தத்தைக் கூட்டு’ என்பதற்கு அவர் வயது மட்டும் காரணமல்ல. சத்தத்தைக் கூட்டியதும் உயர்வது பேச்சு மட்டுமா? சப்வூஃபரும் உயர்கிறது.

அடுத்த வீட்டாருக்குக் கேட்பது இந்தச் சப்வூஃபரே. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். மெய்யெழுத்துகளைத் தடுத்துவிடும் சுவர் அதைத் தடுப்பதில்லை. 12 அடி அகல அறையில் 48 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். தமிழ் வசனம் சுவரைத் தாண்டாது, அதிர்வு தாண்டும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணி முதல் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரையறுக்கின்றன. பதற்றமான ஒரு மாதத்தில் எந்தப் படம் ஓடுகிறது என்று அறியாத பக்கத்து வீட்டுக்காரர், சுவர் அதிர்வதை மட்டும் அறிவார்.

தொழில்நுட்பம் இதற்கு முன்பே வழி வைத்திருக்கிறது. டால்பி டிஜிட்டலின் ஒலியளவுக் குறிப்பு வசனத்தின் அளவையே அடிப்படையாகக் கொண்டது. நெட்ஃப்ளிக்ஸ் தனக்கு வரும் ஒலிக்கலவையை வசனப் பகுதிகளின் உரப்பைக் கொண்டே அளக்கிறது. கேட்பவர் செய்ய வேண்டியது சிறிது. நடுப்பெட்டியை அலமாரியின் விளிம்புவரை முன்னே இழுத்து, காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தி வைக்கலாம். ரிசீவரின் அமைப்பில் அதன் அளவை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டலாம். சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்திக் கீழே ரப்பர்த் திண்டு இடலாம். இரவில் உச்ச ஒலியை அடக்கும் ‘நைட் மோட்’ அமைப்பை இயக்கலாம். புதிதாக வாங்குபவர் ஆறு பெட்டிகளுக்குப் பணத்தைச் சமமாகப் பங்கிடாமல், முதலில் முன்வரிசை மூன்றையும் நல்லதாக வாங்கிவிட்டு, சூழல் ஒலிபெருக்கிகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.