சேகரித்தவரும் நெறியாளரும்: கரிசல் வட்டாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு வந்த வழி

நா. வானமாமலை பதிப்பித்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ தொகுப்பில் பாடலுக்கு அடியில் சேகரித்தவர் பெயரும் வட்டாரமும் அச்சாகியிருக்கும். விளாத்திகுளம் வட்டாரம் என்று வரும் இடங்களில் எஸ். எஸ். போத்தையா என்ற பள்ளி ஆசிரியரின் பெயரைப் பார்க்கலாம். கோவில்பட்டிக்குக் கிழக்கே கிடக்கும் கரிசல் ஊர்களின் பாடல்கள் அவை. நாட்டார் வழக்காறு பல்கலைக்கழகப் பாடமான பிறகு இத்தகைய சேகரங்கள் ஆய்வேடுகளுக்குத் தரவாயின. தரவு கொடுத்த ஊர்களிலிருந்து ஆய்வாளர் வர ஏன் இத்தனை காலம் ஆனது? தூரம், மொழி, பணம், கால வரம்பு ஆகிய தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்திருக்கின்றன. மாணவர்கள் ‘கைடு’ என்று அழைக்கும் நெறியாளரின் தனி அதிகாரம் மட்டும் பெரிதாக அசையவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பருத்தியை ஆராய 1901இலேயே நிலையம் வந்த ஊர் கோவில்பட்டி. ஆனால் ஜி. வெங்கடசாமி நாயுடு கல்லூரி தொடங்கியது 1966இல்தான். அதே ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகமும் பிறந்தது. அதுவரை ஆய்வுப் பட்டத்துக்குச் சென்னையையோ சிதம்பரத்தையோ நாட வேண்டும். ஆங்கிலமும் கைவர வேண்டும். சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றி மு. வரதராசனார் எழுதிய ஆய்வேடும், அகத்திணை பற்றி வ. சுப. மாணிக்கனார் எழுதியதும் ஆங்கிலத்தில் அமைந்தவையே. தமிழில் எழுதலாம் என்றான பிறகே வீட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஆய்வு எட்டும் தொலைவுக்கு வந்தது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் அமைந்ததும், காலையில் பஸ் ஏறி நெறியாளரைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப முடிந்தது. பெண்களுக்கும் பகுதிநேர ஆய்வாளர்களுக்கும் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை ஆண்டறிக்கைகள் சொல்லாது.

இதற்கிடையே பல்கலைக்கழகத்துக்கு வெளியே இன்னொரு முறை நடந்துகொண்டிருந்தது. 1967இல் வானமாமலை உருவாக்கிய நெல்லை ஆய்வுக் குழுவில் கட்டுரைகள் கூட்டத்தில் படிக்கப்பட்டு, எல்லோராலும் விவாதிக்கப்பட்டன. பிறகு ‘ஆராய்ச்சி’ இதழ் வந்தது. பட்டம் அங்கே நுழைவுச் சீட்டாக இருக்கவில்லை. உயர்கல்வி பெறாத கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் கொண்டுவந்தார்; பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரையே சிறப்புப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. கழுகுமலைக் கலவரத்தின் ஆவணங்களைத் தேடிப் படித்த பூமணியின் உழைப்பு ‘அஞ்ஞாடி’ நாவலாக 2012இல் வெளிவந்தது. அந்தத் தேடலுக்கு உதவியது பெங்களூரைச் சேர்ந்த கலை அறக்கட்டளை ஒன்றின் நல்கை. இவற்றை வைத்துப் பட்டமே வேண்டாம் என்று சிலர் பேசுவதுண்டு. அது வசதி உள்ளவர்கள் பேசும் பேச்சு. குழுவில் கட்டுரை படித்தால் அறிவு வளரும். உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணலில் அது செல்லாது.

பணத் தடை 2005–06இல் ராஜீவ் காந்தி தேசிய ஆய்வு உதவித்தொகையோடு தளர்ந்தது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் மாத உதவித்தொகையோடு முழுநேரம் ஆய்வு செய்ய அது வழிவிட்டது. ஆனால் நெல்லைச் சீமையின் வரலாறு இங்கே குறுக்கே வந்தது. மிஷனரிகள் காலத்திலிருந்து கிறித்தவரான ஆதிதிராவிடக் குடும்பங்கள் இங்கே ஏராளம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார்கள். தமிழக அரசின் முழுநேர முனைவர் பட்ட ஊக்கத்தொகை மதம் மாறிய ஆதிதிராவிடரையும் சேர்த்துக்கொண்டது. தொகை ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் ஒன்பதாயிரம்கூட இல்லை. ஆனாலும் மத்திய அரசு கைவிட்ட இடத்தில் மாநிலம் கைகொடுத்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது.

விதிகளின் கதை ஏற்ற இறக்கமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகள் நுழைவுத் தேர்வையும் பாடநெறியையும் கட்டாயமாக்கின. 2016 விதிகள் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசம் தந்தன. 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் தந்தன. திருமணமாகி ஊர் மாறும் பெண் தன் ஆய்வைப் புதிய பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகலாம் என்றன. அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிப் படிக்கவைத்த பெண்ணுக்கு இந்தப் பிரிவுகள் வெறும் காகிதமல்ல. அதே விதிகள் எழுத்துத் தேர்வைத் தகுதிக்கான படியாக மட்டும் வைத்து, தேர்வு முடிவை நேர்காணலிடம் விட்டன. நேர்காணல் மதிப்பெண்ணில் சமூகப் பாகுபாடு தெரிகிறது என்று ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அப்துல் நஃபே குழு சொல்லியிருந்தது. எதிர்ப்புகளுக்குப் பின் 2018இல் எழுத்துக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று திருத்தினார்கள். 2022 விதிகள் எம்.ஃபில். படிப்பையே நிறுத்தின. முனைவர் பட்டத்துக்குத் துணிவதற்கு முன் ஆழம் பார்க்க, குறிப்பாகப் பெண்களுக்கு, இருந்த படிக்கட்டு அது. அதை எடுத்தது தவறு என்பேன்.

இனி இடஒதுக்கீட்டுக் கணக்கு. உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் நான்கு பேரை ஏற்கலாம். இணைப் பேராசிரியர் ஆறு, பேராசிரியர் எட்டு. கரிசலில் கணிசமாக வாழும் அருந்ததியருக்குத் தமிழகத்தின் 2009 சட்டப்படி 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. 2024இல் உச்ச நீதிமன்றமும் உள்ஒதுக்கீட்டை ஏற்றது. 3 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 33 இடங்களுக்கு ஒன்று. ஒன்பது உதவிப் பேராசிரியர்களின் இடங்களை ஒன்றாகக் கூட்டினால்தான் ஓர் அருந்ததிய மாணவருக்கு இடம் பிறக்கும். காலியிடமோ ஒவ்வொரு நெறியாளரிடமும் ஒன்றிரண்டாக, வெவ்வேறு மாதங்களில் உண்டாகிறது. ‘முதலில் கைடைப் பிடி, பிறகு விண்ணப்பம் போடு’ என்பது மாணவர்களிடையே புழங்கும் அறிவுரை. அப்படிப் பிடிக்கத் தேவைப்படும் அறிமுகம் யாருக்கு எளிதில் வாய்க்கும் என்பதைக் கரிசல்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக அளவில் எல்லா இடங்களையும் ஒரே சுழற்சிப் பட்டியலில் வைக்காதவரை அந்த 3 விழுக்காடு தாளில்தான் இருக்கும்.

சேர்ந்த பிறகு? ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாணவரின் முன்னேற்றத்தைப் பரிசீலிக்க ஆய்வு ஆலோசனைக் குழு ஒன்றை விதிகள் வைத்திருக்கின்றன. அத்தியாயங்களை மாதக்கணக்கில் திருத்தித் தராத நெறியாளரைப் பற்றி மாணவர் அங்கேதான் வாய் திறக்க முடியும். அந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளராக விதி நியமித்திருப்பதும் அதே நெறியாளரைத்தான். முதல் திருத்தம் அந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும்: ஒருங்கிணைப்பு வேறொருவரிடம் போக வேண்டும், நெறியாளரை மாற்றக் கேட்கும் மாணவரிடம் பழைய நெறியாளரின் இசைவுக் கடிதத்தைக் கேட்கக் கூடாது.