ஒரு வேலி, இரண்டு சட்டம்

தெல்லிப்பழையில் அடுத்தடுத்த காணிகளுக்குச் சொந்தக்காரரான இரண்டு பெண்களை எண்ணிக்கொள்வோம். ஒருவர் யாழ்ப்பாணத் தமிழர், மற்றவர் முஸ்லிம். இருவரும் திருமணமானவர்கள். தத்தம் பெயரிலுள்ள காணியை விற்க நொத்தாரிசிடம் போகிறார்கள். தமிழ்ப் பெண்ணிடம், "கணவரின் எழுத்துச் சம்மதம் எங்கே?" என்று கேட்பார். முஸ்லிம் பெண்ணிடம் அப்படிக் கேட்க வேண்டியதில்லை. வேலி ஒன்று, சட்டம் இரண்டு. ஏன் இப்படி?

1706 இல் ஒல்லாந்த ஆளுநர் சீமோன்ஸ், யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுக்கும்படி திசாவை கிளாஸ் ஐசாக்சைப் பணித்தார். 1707 சனவரியில் தொகுப்பு முடிந்தது. தமிழில் பெயர்த்த பின் பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி என்றார்கள். அதுவே தேசவழமை. 1806 இல் ஆங்கிலேயர் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்கு வலுக் கொடுத்தனர். அதே ஆண்டிலேதான் முஸ்லிம்களின் விவாக, வாரிசு விதிகளும் அரசின் ஏட்டில் ஏறின.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். 'வழமைபோல' என்று நாம் தினமும் கதைக்கிற சொல் அது. வாயில் இருந்தவரை வழமை ஊரோடு சேர்ந்து மாறும். ஏட்டில் ஏறியபின் அதை மாற்ற இன்னொரு சட்டம் வேண்டும். மனைவி தன் காணியை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டும் என்பதை 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் விடவில்லை.

சட்டம் படித்தவர்கள் ஒரு பிணக்கைக் கையிலெடுத்ததும் 'எது நியாயம்?' என்று தொடங்குவதில்லை. நடந்தது என்ன, ஆள் யார், எந்தச் சட்டம் பொருந்தும் என்றே பார்ப்பார்கள். 1913 இல் ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் வழக்கில், தேசவழமை ஓர் இனத்தின் வழக்கமல்ல, ஓர் இடத்தின் வழக்கம், அங்கு வாழும் தமிழருக்கே அது பொருந்தும் என்று நீதிமன்றம் கூறியது. 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுச் சட்டமோ, இறந்தவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவர் என்று கேட்கிறது. ஒன்று ஊரைப் பார்க்கிறது, மற்றது மார்க்கத்தைப் பார்க்கிறது.

1816 இல் தெல்லிப்பழைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரின் நாட்டிலும் இந்தக் கேள்வி உண்டு. கலிபோர்னியாவில் திருமணத்தின் பின் தேடிய சொத்து இருவருக்கும் பொது, நம்மூர்த் தேடியதேட்டம் மாதிரி. நியூயோர்க்கில் அந்த விதி இல்லை. மாநிலம் மாறினால் சட்டமும் மாறும்.

நமது பெண்ணின் கை காணி உறுதியில் சுதந்திரமானது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. காணியை விற்கக் கையெழுத்திடும் பெண், தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தாளில் ஏன் கையெழுத்திடக்கூடாது? அயல் வீட்டுச் சட்டத்தின் குறையை எண்ணும் நாம் இதற்கும் விடை சொல்லத்தான் வேண்டும்.