கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் குடும்பத்துக்கு யார்? முத்துக்குளித்துறையின் 'கொம்பிரியா' சபைகள்: விளக்கம்

முத்துக் குளிக்க இறங்குபவர் தன் கயிற்றை யார் கையில் கொடுத்துவிட்டு இறங்குவார்? தூத்துக்குடி கடற்கரையில் காலங்காலமாகச் சொல்லப்படும் பதில்: மச்சான் கையில். மனைவியின் அண்ணனோ தம்பியோ, தன் உடன்பிறந்தவள் தாலி இழப்பதை விரும்பமாட்டார். கயிறு அசைந்த நொடியே இழுத்துவிடுவார் என்பது கணக்கு. கூடப்பிறந்த அண்ணனை விட்டுட்டு மச்சானையா நம்புவாங்கன்னு கேட்கலாம். பங்காளிச் சண்டை பார்த்தவங்களுக்குப் புரியும்.

சரி, கயிறு அறுந்துட்டா? சடலத்தைத் தூக்க, பிள்ளைகளுக்குச் சோறு போட யார் வருவார்கள்? கடலை நம்பிய ஊர்கள் இதற்காகவே உறவுக்கு வெளியேயும் அண்ணன் தம்பிகளை உருவாக்கிக்கொண்டன. அதுதான் சகோதர சபை.

சகோதர சபைன்னா ரகசியச் சங்கமா?

பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஃப்ரீமேசன்கள்தான். சென்னை எழும்பூரில் அவர்களுடைய மண்டபம் இன்றும் இருக்கிறது. ஆற்காடு நவாப் முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உமரா, 1770-களிலேயே திருச்சியில் அந்தச் சங்கத்தில் சேர்ந்தவர். ரகசியக் கைகுலுக்கல், இடுப்பில் கட்டும் ஏப்ரன் என்று அதைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் உலகத்தின் பெரும்பாலான சகோதர சபைகள் ரகசியத்துக்காகப் பிறந்தவை அல்ல. 1882-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் மைக்கேல் மெக்கிவ்னி என்ற பாதிரியார் 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' சபையைத் தொடங்கினார். குடும்பத்தலைவர் செத்துப்போனால் மனைவியும் பிள்ளைகளும் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் முக்கியக் காரணம். உறுப்பினர்கள் பணம் போடுவார்கள், இறந்தவர் குடும்பத்துக்கு அது போகும். இன்று நாம் 'இன்சூரன்ஸ்' என்று சொல்வதை அப்போது சபையே செய்தது.

'கொம்பிரியா' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

போர்ச்சுக்கீசிய மொழியில் 'கொன்ஃப்ராரியா' என்றால் சகோதரக் கூட்டம். 1498-ல் லிஸ்பனில் தொடங்கிய 'மிசெரிகோர்தியா' அப்படி ஒரு சபை. நோயாளிகளைப் பார்ப்பது, கைதிகளை மீட்பது, இறந்தவர்களை அடக்கம் செய்வது எல்லாம் அதன் கடமைகள். போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் போன இடமெல்லாம் இந்தச் சபைகளும் போயின. கோவாவுக்கும் கொச்சிக்கும் வந்தன.

1530-களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவத்தில் சேர்ந்தார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் மருத்துவமனை நடத்தினார். தமிழில் புத்தகமும் அச்சிட்டார். இந்தப் பின்னணியில்தான் அந்தப் போர்ச்சுக்கீசியச் சொல் கடற்கரைத் தமிழின் வாயில் தேய்ந்து 'கொம்பிரியா' ஆனது.

கொம்பிரியா சபை வழக்கங்கள் ஊருக்கு ஊர் மாறும். பொதுவாகச் சொன்னால், உறுப்பினர் சந்தா கட்டுவார். திருவிழாவில் சப்பரத்தோடும் பெரிய வெள்ளிச் சடங்குகளிலும் சபைக்கென்று ஓர் இடம் உண்டு. உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால், சிலுவையோடும் மெழுகுவர்த்தியோடும் சபை வந்து நிற்கும். பணக்காரருக்கு இது கௌரவம். ஏழைக்கோ, தன் கடைசி ஊர்வலத்தில் கூட்டம் இருக்கும் என்ற உத்தரவாதம்.

சபைக்கு முன்பே இருந்த அமைப்பு

வெள்ளைக்காரன் வந்துதான் இவங்களுக்குக் கூட்டு சேரச் சொல்லிக்கொடுத்தான்னு நினைச்சா தப்பு. பரதவர்களிடம் ஏற்கெனவே ஊர்தோறும் 'பட்டங்கட்டி' என்ற தலைவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேல் தூத்துக்குடியில் சாதித்தலைவர். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரையிலான 'ஏழு கடற்துறை'யும் இந்தத் தலைமைக்குக் கீழ் வந்தது. முத்துக்குளிப்பில் சாதித்தலைவருக்குத் தனிச் சலுகையும் இருந்தது.

இந்தக் கட்டமைப்பின் பலம் 1658-ல் தெரிந்தது. புராட்டஸ்டன்ட் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். மக்கள் மதம் மாறவில்லை. குரு இல்லாத காலத்தில் ஊரைக் கட்டிக் காத்ததில் ஊர்த்தலைமைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். முத்துக்குளிப்பில் இதே கத்தோலிக்கர்கள், சுறாவை மந்திரத்தால் கட்டுவார் என்று நம்பப்பட்ட 'கடல்கட்டி' இல்லாமல் இறங்கத் தயங்கினார்கள். இப்படிச் சுறாவைக் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து கொடுக்கப்பட்டதாக 13-ம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கீழக்கரை முஸ்லிம் குளிகாரர்களும் இதே முத்துப்படுகைகளில் இறங்கியவர்கள்தான். தண்ணிக்கடியில் மதம் பார்க்க முடியாது.

சகோதரம் என்றால் எல்லோரும் சமமா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். வணிகத்தில் வசதியான 'மேசைக்காரர்' ஒரு பக்கம், கடலில் உழைத்த 'கமாரக்காரர்' மறுபக்கம் என்று பரதவர்களுக்குள்ளேயே பிளவு இருந்தது. கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, கோயில் நிர்வாகம் யார் கையில் என்று 19-ம் நூற்றாண்டில் வழக்கு, சண்டை எல்லாம் நடந்தன. வரலாற்றாய்வாளர் சூசன் பெய்லி இதை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்களின் நிலையையும் பாருங்கள். கணவர் கடலில் போனால் முதலில் பாதிக்கப்படுவது அவர்கள். ஆனால் பட்டங்கட்டியும் சாதித்தலைவரும் எப்போதும் ஆண்கள்தான்.

அந்தப் பெருமையின் உச்சம் பனிமய மாதா கோயிலின் தங்கத்தேர். சாதித்தலைவர் கபிரியேல் தெ குரூஸ் காலத்தில், 1806-ல் முதன்முதலில் ஓடியது. 2013-க்குப் பிறகு 10 ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 5-ல் மறுபடியும் ஓடியது. அந்த நாளில் ஊரை விட்டுப் போனவர்களும் திரும்பி வருவார்கள்.

இப்போது திரேஸ்புரத்தில்?

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. சிப்பி குறைந்துபோனதால் பிறகு நடக்கவில்லை. திரேஸ்புரத்தில் இன்று நாட்டுப்படகு மீன்பிடிப்பும் சங்குகுளிப்பும்தான். கிறிஸ்தவர்களுக்குப் பங்கும் சபைகளும் இருக்கின்றன, முஸ்லிம்களுக்கு ஜமாத் இருக்கிறது. தொழிலுக்குச் சங்கமும் கூட்டுறவு சொசைட்டியும்.

கேள்வி மட்டும் பழையதுதான். கடலில் ஒருவர் காணாமல் போய் உடல் கிடைக்கவில்லை என்றால், பொதுச் சட்டப்படி அவர் இறந்துவிட்டதாக அனுமானிக்க 7 ஆண்டு ஆக வேண்டும். அதுவரை அந்தப் பெண் விதவையும் இல்லை, மனைவியாக வாழவும் முடியாது. 2017 ஒக்கி புயலில் நூற்றுக்கும் மேற்பட்ட குமரி மாவட்டக் குடும்பங்கள் இந்த நிலையில் நின்றன. அரசு தனியாகத் தலையிட வேண்டிவந்தது.

மத்திய அரசின் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில், விபத்து மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் உண்டு. பெயர் பதிவாகியிருக்க வேண்டும், காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும். துக்க வீட்டில் உட்கார்ந்து அந்தக் காகிதங்களை யார் தேடுவார்கள்? பெரும்பாலும் சங்கத்துக்காரர்தான் வருகிறார், கையில் ஒரு ஃபைலோடு.