தாதியர் ஆய்வின் நோக்கமும் எல்லையும்: கண்டி, பேராதனை வைத்தியசாலைகளை முன்வைத்து

தாதியத் தொழிலுக்கு ஆய்வு எதற்கு என்று கேட்டால், தொழிலுக்குரிய அறிவைப் பெருக்குவதற்கு என்று பாடநூல்கள் சொல்லும். அந்த விடையில் பிழையில்லை; பயனும் அதிகமில்லை. வார்ட்டில் ஒரு தாதி செய்யும் காரியங்களில் பெரும்பகுதி மூத்தவர்கள் செய்வதைப் பார்த்துக் கைவந்தவை. அவற்றுள் எது நோயாளிக்கு உதவுகிறது, எது வெறும் வழக்கம், எது தீங்கு என்று பிரித்தறிவதே ஆய்வின் முதல் நோக்கம். கட்டிலருகே பிறக்காத கேள்வியை எவ்வளவு நேர்த்தியான புள்ளிவிபரங்களோடு ஆராய்ந்தாலும் அதைத் தாதியர் ஆய்வு என்று கொள்வது கடினம்.

இதற்குத் தெளிவான முன்னுதாரணம் இங்கிலாந்தில் டொரின் நோர்ட்டன் தம் குழுவினருடன் 1962இல் வெளியிட்ட முதியோர் பராமரிப்பு ஆய்வு. படுக்கைப் புண்ணைத் தடுக்க முதுகிலும் இடுப்பிலும் களிம்பு முதலிய பூச்சுகளைத் தேய்ப்பது அன்றைய வார்ட்டுகளின் நாளாந்தக் கடமை. பூச்சுகளைவிட, நோயாளியை ஒழுங்காகப் புரட்டிப் படுக்கவைத்து அழுத்தத்தைக் குறைப்பதே பயன் தருகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவுத்திறன், மலசலக் கட்டுப்பாடு என்ற ஐந்து கூறுகளுக்கு மொத்தம் 20 புள்ளிகள். 14 அல்லது அதற்குக் குறைந்தால் அபாயம் என்ற அளவீடும் அதிலிருந்தே வந்தது. மருந்தோ இயந்திரமோ தேவைப்படாத கண்டுபிடிப்பு. நோயாளியைப் புரட்டும் வேலை தாதியுடையது என்பதால் கேள்வியும் தாதியுடையதாக இருந்தது.

கண்டியில் இத்தகைய ஆய்வுக்கு வேண்டிய நிறுவனங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. நாட்டின் இரண்டாவது பெரிய வைத்தியசாலையான கண்டி தேசிய வைத்தியசாலை நகரில் இருக்கிறது. சில கிலோமீற்றருக்கு அப்பால் பேராதனை போதனா வைத்தியசாலை, சிறுவர் வைத்தியசாலை, 2007இல் உருவான பேராதனைப் பல்கலைக்கழக இணை சுகாதார விஞ்ஞான பீடம், அதனுள் தாதியர் துறை. பணியிலுள்ள தாதியருக்காகத் திறந்த பல்கலைக்கழகம் கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் தொடங்கிய பட்டப்படிப்பும் உண்டு. ஆயினும் வார்ட்டுகளில் கடமை செய்வோரில் பெரும்பாலோர் சுகாதார அமைச்சின் மூன்றாண்டு டிப்ளோமா வழியாக வந்தவர்கள். ஆய்வுமுறை ஆழமாகக் கற்பிக்கப்படுவதோ பல்கலைக்கழகத்தில். ஒரு பக்கம் கேள்வி இருக்கிறது, மறுபக்கம் கருவி இருக்கிறது.

இந்தப் பிளவின் விளைவை இறுதியாண்டு ஆய்வேடுகளின் தலைப்புகளிலேயே காணலாம். அறிவு, மனப்பாங்கு, நடைமுறை என்று மூன்றாகப் பிரித்த வினாக்கொத்து. அதை நிரப்புவோர் பெரும்பாலும் சக மாணவர்கள் அல்லது தாதியர். மாணவரைக் குறைசொல்ல முடியாது. காலம் குறைவு, பணம் இல்லை, அறநெறிக் குழுவின் அனுமதியும் இத்தகைய ஆய்வுக்கு எளிதாகக் கிடைக்கும். ஆனால் கைகழுவுவதன் முக்கியத்துவம் பற்றி எழுதிய விடைக்கும், இரவு இரண்டு மணிக்கு மூன்றாவது நோயாளியிடம் ஓடும்போது கை கழுவப்பட்டதா என்பதற்கும் உறவு மிக மெல்லியது. வினாக்கொத்து முதலாவதைத்தான் அளக்கிறது.

கட்டிலருகே பிறக்கும் கேள்விகளுக்கு உதாரணமாக இங்கே விரிவாகப் பேச வேண்டியது நஞ்சருந்தியோர் பராமரிப்பு. பூச்சிகொல்லி நஞ்சு பற்றி இலங்கையில் நடந்த மருத்துவ ஆய்வுகள் உலகறிந்தவை. பேராதனை மருத்துவ பீடம் அவற்றின் முக்கிய மையங்களில் ஒன்று. ஓகனோபொஸ்பேற்றுப் பூச்சிகொல்லி அருந்தியவருக்கு நஞ்சுமுறி மருந்தான அட்ரோபின் ஏற்றும்போது பார்க்க வேண்டியவை நிர்ணயிக்கப்பட்டுவிட்டன: நெஞ்சில் ஈர ஒலி இல்லாமை, நாடித்துடிப்பு 80க்கு மேல், மேல் இரத்த அழுத்தம் 80க்கு மேல், உலர்ந்த அக்குள், விரியத் தொடங்கிய கண்மணி. மருந்து மிஞ்சினால் காய்ச்சலும் பிதற்றலும் வரும், குடல் ஒலி அடங்கும். மருந்தளவை மருத்துவர் எழுதுகிறார். இந்த மாற்றங்களை முதலில் காண்பவர் தாதி. இரவுக் கடமையில் ஆட்பற்றாக்குறை உள்ள வார்ட்டில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது சாத்தியம், எந்த அறிகுறி முதலில் தவறவிடப்படுகிறது, கண்காணிப்பு அட்டையை எப்படி அமைத்தால் தவறு குறையும் என்ற கேள்விகளைத் தாதியரே கேட்க வேண்டும். 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் களைகொல்லியும் சில பூச்சிகொல்லிகளும் விலக்கப்பட்டபின் மரணங்கள் குறைந்தன. நஞ்சருந்தி வருவோர் நின்றுவிடவில்லை.

அடுத்தது வலி. தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்த் தொழிலாளி, பெரும்பாலும் சிங்களம் பேசும் தாதியின் பராமரிப்பில் இருக்கிறார். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலியைச் சொல்லச் சொன்னால், பள்ளிக்கூடம் அதிகம் போகாத மூதாட்டி, தாதி மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்து, அவர் மனம் கோணாத ஓர் எண்ணைச் சொல்லக்கூடும். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வலிநிவாரணி அந்த எண்ணை நம்பியே கொடுக்கப்படுகிறது. இம்மக்களிடம் எந்த அளவீடு நம்பத்தக்கது என்பதை அவர்களிடையே சோதித்துத்தான் அறியலாம். கொழும்பில் சரிபார்த்த படிவத்தைத் தமிழாக்கினால் போதாது.

வேறிடத்து முடிவுகளை அப்படியே எடுத்தாள முடியாது என்பதற்கு இன்னொரு சான்று ஆளணி ஆய்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து லின்டா ஏகன் குழுவினர் 2002இல் வெளியிட்ட முடிவு பலமுறை மேற்கோள் காட்டப்படுவது: ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடுதலாகும் ஒவ்வொரு முறையும், சத்திரசிகிச்சை நோயாளர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்கிறது. நமது வார்ட்டில் சாப்பாடு ஊட்டுவது, துடைத்துவிடுவது, சேலைன் முடிந்ததைச் சொல்வது ஆகியவற்றில் உறவினருக்கும் பங்குண்டு. கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்த நோயாளரும் இருப்பர். உறவினரைக் கணக்கில் எடுக்காத ஆளணி ஆய்வு கண்டி நிலையைச் சொல்லாது. எடுத்தால், யாரும் வராத நோயாளியின் கதி என்ன என்ற சங்கடமான கேள்வி உடனே எழும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப்பின் தாதியர் பலர் நாட்டைவிட்டுப் போன நிலையில் அது ஏட்டுக் கேள்வி அல்ல.

தாதியே ஆய்வாளராகும்போது ஓர் அறநெறிச் சிக்கலும் உண்டு. ஊசி போடுபவரே ஆய்வில் சேர ஒப்புதல் கேட்கும்போது நோயாளி மறுக்கத் துணியமாட்டார் என்பதால், ஒப்புதலைப் பெறுபவர் அந்த வார்ட்டில் கடமை செய்யாதவராக இருப்பது நல்லது.

ஆகவே ஆய்வின் எல்லையை விரிப்பதற்கு முன் அதன் இடத்தைப் பல்கலைக்கழகத்திலிருந்து வார்ட்டுக்கு மாற்ற வேண்டும். கடமைப் பட்டியலில் ஆய்வுக்கென்று சம்பளத்தோடு நேரம் ஒதுக்காமல் வார்ட் தாதியிடம் ஆய்வை எதிர்பார்ப்பது நியாயமல்ல. தரவு எடுத்த வார்ட்டுக்கு முடிவுகள் சிங்களத்திலும் தமிழிலும் திரும்பி வரும்வரை ஆய்வேட்டுக்கு இறுதிப் புள்ளி வழங்கக்கூடாது. கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனைத் தாதியர் துறையும் முதற்கட்டமாக ஒரேயொரு மருத்துவ வார்ட்டில் இதைச் சேர்ந்து தொடங்க வேண்டும். முதல் கேள்வியை அந்த வார்ட்டின் தாதியரே தெரிவுசெய்யட்டும்.