தேசாதிபதியின் மேசையும் நமது இறைச்சிக்கடையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. இதற்கிடையில் நமது நகரில் மாடி ஹோட்டல்கள் எழும்பிவிட்டன. குளிரூட்டிய மண்டபம், வெள்ளைத் துணி விரித்த மேசை, கத்தியும் முள்ளும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் வாப்பா உம்மாவை அங்கே கூட்டிப்போய் விருந்து வைக்கிறார்கள். மேல்தரமான அந்த மாதிரி இடங்களில் விலை கூடிய சாப்பாடு என்றால் பெரும்பாலும் 'பீஃப் ஸ்டேக்' தான். அந்த ஒரு தட்டின் காசுக்கு ஐந்து சந்தியில் ஒரு குடும்பமே கொத்து ரொட்டி சாப்பிட்டு எழும்பலாம்.

நம் இளைஞர்கள் இதைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். ஒன்று, அது ஹலாலா? இரண்டு, உள்ளே சிவப்பாக இருக்கும் இறைச்சியைச் சாப்பிடலாமா? இரண்டுக்கும் பின்னால் வருவோம். அதற்கு முன் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் பெரிய மனிதரின் மேசைக்கு மாட்டிறைச்சி எங்கிருந்து வந்தது? அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு 400 வருட வரலாறு இருக்கிறது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். நல்லூரிலிருந்த தலைநகரம் கடற்கரைக் கோட்டைப் பக்கம் மாறியது. அந்தக் காலத்தைப் பற்றிச் சைவ மக்களிடையே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ஒரு சரித்திரம் உண்டு. தேசாதிபதியின் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு வீட்டாரும் முறைவைத்து ஒரு பசுவைக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை பிறந்ததாம். திருநெல்வேலியில் வாழ்ந்த ஞானப்பிரகாசர் என்பவரின் முறை வந்தது. வளர்த்த பசுவை வெட்டக் கொடுக்க அவருக்கு மனமில்லை. மறுத்தால் தண்டனை. அன்றிரவே ஊரைவிட்டுக் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய்விட்டார். பின்னாளில் அவர் துறவியாகி, சிவஞான சித்தியாருக்கு உரை எழுதினார். சிதம்பரத்தில் அவர் வெட்டுவித்த குளம் இன்றும் ஞானப்பிரகாசம் குளம் என்றே அழைக்கப்படுகிறது. ஆறுமுக நாவலரும் அவருடைய மரபில் வந்தவர் என்பார்கள்.

இந்தக் கதையை நாம் பெரும்பாலும் 'அவர்களுடைய கதை' என்று தள்ளி வைத்துவிடுகிறோம். அது சரியல்ல. அதே போர்த்துக்கேயர் 1626இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றக் கட்டளையிட்டார்கள். கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, பலரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். ஒருவருடைய பசுவைப் பறித்ததும் இன்னொருவருடைய ஊரைப் பறித்ததும் ஒரே அதிகாரம்தான். ஞானப்பிரகாசரின் மனக்குறை பக்கத்து வீட்டார் என்ன சாப்பிடுகிறார் என்பதல்ல. தன் தொழுவத்தில் நிற்கும் மாட்டை, தன் விருப்பமில்லாமல், இன்னொருவன் மேசைக்குக் கொண்டுபோவதுதான். அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவு முழுக்க அது வரும்.

அந்தக் கோட்டை மேசையிலிருந்து நம் எல்லோர் வீட்டுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. 'மேசை' என்ற சொல்லே போர்த்துக்கேயச் சொல். 'குசினி', 'கோப்பை', 'பாண்' எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. 1658இல் அவர்களை விரட்டிவிட்டு வந்த ஒல்லாந்தர் 'கந்தோர்', 'லாச்சி' என்று இன்னும் சில சொற்களைத் தந்தார்கள். கோவிலுக்குப் போகிறவரும் பள்ளிக்குப் போகிறவரும் தேவாலயத்துக்குப் போகிறவரும் குசினியில் சமைத்து மேசையில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம். மேசையில் என்ன இருக்கும் என்பதில்தான் வேறுபாடு.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களுடைய காலத்தில் இறைச்சி வியாபாரம் சட்டத்துக்குள் வந்தது. 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இறைச்சிக்கடைக்காரர் உரிமம் பெற வேண்டும் என்றது. மாடறுப்பு கண்காணிப்புக்குள் வந்தது. களவு மாடு கத்திக்குப் போகாமல் தடுப்பதும் இந்த ஒழுங்குகளின் ஒரு நோக்கம். உள்ளூராட்சி சபைகள் இறைச்சிக்கடைகளை வருடா வருடம் கேள்விப்பத்திரம் கோரிக் குத்தகைக்கு விடும் வழக்கம் இப்போதும் இருக்கிறது. நமது சமூகத்தில் ஒரு பகுதியினர் தையல், இரும்புக்கடை, நகை, லொறிப் போக்குவரத்து என்று தொழில் செய்தபோது, இன்னொரு பகுதியினர் இந்தத் தொழிலில் நின்றார்கள். ஊர் சாப்பிட்டது. கத்தி பிடித்தவனுக்கு மட்டும் பெயர் ஒட்டியது.

இப்போது ஸ்டேக்குக்கும் நமது இறைச்சிக் கறிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்போம். இதில் சமையல் மட்டுமல்ல, சமூகக் கணக்கும் இருக்கிறது.

'ஸ்டேக்' என்ற ஆங்கிலச் சொல், குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியைக் குறிக்கும் பழைய நோர்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கென்றே தனி உணவகம் வைப்பது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வளர்ந்த பழக்கம். நியூயோர்க்கின் புரூக்ளினில் உள்ள பீட்டர் லூகர் 1887இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. ஸ்டேக்கைச் சில நிமிடம்தான் நெருப்பில் வைப்பார்கள். ஆகவே அதிகம் வேலை செய்யாத தசை வேண்டும். இறைச்சிக்கடைக்காரர் 'அண்டர்கட்' என்று சொல்லும் முதுகெலும்புக்குக் கீழ் உள்ள துண்டு அப்படியானது. ஒரு மாட்டில் அது சில கிலோ மட்டும்தான். ஸ்டேக்குக்கென்றே தானியம் கொடுத்து, தசைக்குள் கொழுப்பு படர வளர்க்கும் இளம் மாடுகள் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் உண்டு.

நமது ஊர் மாடு வேறு. உருவத்தில் சிறியது. தோட்டத்துக்கு எரு தந்தது, வண்டி இழுத்தது, உழுதது, பால் தந்தது. உழைத்துக் களைத்த பிறகுதான் விற்பனைக்கு வந்தது. உழைத்த தசை இறுக்கமாக இருக்கும். அதைச் சில நிமிடத்தில் சுட்டால் பல்லுக்கு அடங்காது. ஆகவேதான் நமது உம்மாமார் அதை மிளகும் தூளும் போட்டு, அடுப்பில் நீண்ட நேரம் மூடி வைத்தார்கள். எலும்பு சூப்பானது. குடல் தனிக் கறியானது. மிச்சக் கறி கொத்து ரொட்டிக்குள் போனது. ஏழை வீட்டுக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

ஒரே மாட்டில் இரண்டு மேசை. மெதுவான சில கிலோ உயர்ந்த மேசைக்கு. மிச்சமெல்லாம் ஊருக்கு.

உயர்ந்த மேசை என்று சொல்லும்போது யாழ்ப்பாணத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இங்கே என்ன சாப்பிடுவது என்பதைவிட, யார் எங்கே இருந்து சாப்பிடலாம் என்பதே பெரிய பிரச்சினையாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் தேநீர்க் கடைக்குள் மற்றவர்களோடு சமமாக இருந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்கப் போராட வேண்டியிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் கடைக் கதவு உடனே திறந்துவிடவில்லை. ஸ்டேக் சாப்பிடப் போகும் இன்றைய பிள்ளைகளுக்கு இது புதினமாக இருக்கலாம். வாசலில் யாரும் சாதி கேட்பதில்லை, மெனு அட்டையின் விலைதான் ஆளைத் தடுக்கிறது.

அயலைப் பற்றியும் ஒரு சொல். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவர்கள் புலால் உண்ணக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பிரசாரம் செய்தார். அதே வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர் நமது ஏ. எம். ஏ. அஸீஸ். அல்லாப்பிச்சை குர்ஆன் மத்ரஸாவில் ஓதி, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கையின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரியானார். பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். சாப்பாடு வேறாக இருந்தும் வாங்கு ஒன்றாக இருந்தது. சோனகத் தெருவில் இறைச்சிக் கறி கொதிக்க, பக்கத்துக் கோவிலில் மணி அடித்தது. வீட்டில் மாட்டிறைச்சி சமைக்காத நண்பர்கள் சிலர் நம் கடைகளில் பின்வாங்கில் இருந்து சாப்பிட்டுப் போனதும் ஊரறிந்த இரகசியம்தான். அதை யாரும் மேடை போட்டுப் பேசவில்லை. பேசாமல் விட்டதும் ஒரு மரியாதை.

1990 ஒக்டோபர் 30 அந்த வாழ்க்கையை அறுத்தது. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து வெளியேற்றினார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். வீடும் நகையும் போனதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கல்லாப்பெட்டி, கொத்துத் தகடு, கறிச்சட்டி, கடன் கொப்பி என்பவற்றோடு சாப்பாட்டுக் கடைகளும் போயின. எந்தக் கடையில் எந்த நாளில் என்ன கறி, யார் கைப்பக்குவம் என்ற அறிவு புத்தளத்து முகாம்களுக்குச் சிதறியது. திரும்பி வந்தவர்கள் பொம்மைவெளியிலும் சோனகத் தெருவிலும் மறுபடி தொடங்கினார்கள். இன்று ஐந்து சந்தியில் கொத்துச் சத்தம் கேட்கிறது என்றால், அது அப்படித் திரும்பி வந்த சத்தம்.

அடுத்தது நம் காலம். 2018இல் சாவகச்சேரியில் மாடறுப்புக்கு எதிராகப் போராட்டம் நடந்தது. 2020 செப்டம்பரில் நாடு முழுவதும் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது. 2021 ஒக்டோபரில் அதற்கான சட்டத் திருத்தங்களுக்கும் இணக்கம் வந்தது. அந்த 2020 முடிவைக் கவனித்து வாசியுங்கள். இங்கே மாடு அறுக்கக் கூடாது, ஆனால் சாப்பிடுகிறவர்களுக்காக வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சி இறக்குமதி செய்யலாம் என்றது.

அதாவது தட்டு நிரம்பும். அவுஸ்திரேலிய மாடும் மாடுதான், ஆனால் அதற்காக யாரும் வீதியில் இறங்கமாட்டார்கள். நிற்கப் போவது கடைக்காரனின் தொழிலும், வயதான மாட்டை விற்கும் விவசாயியின் வருமானமும், ஏழை வீட்டுக் கறியும்தான். சைவ சகோதரர்கள் பசுவின் மேல் வைத்திருக்கும் பக்தியை நாம் மதிக்கிறோம். புலால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் குற்றச்சாட்டு எப்போதும் இறைச்சிக்கடை வாசலில் நின்றுவிடுகிறது. ஹோட்டல் மேசைவரை போவதில்லை. நாவலர் பேசியது சாப்பிடுகிறவரைப் பார்த்து. இன்று பேசுகிறவர்கள் விற்கிறவனை மட்டும் பார்க்கிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டு நம் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை.

குடாநாட்டில் மாட்டுக் களவு நடக்கிறது. இரவில் கட்டையிலிருந்து கறவை மாட்டை அவிழ்த்துப்போய், காலையில் தலையும் தோலும் பற்றைக்குள் கிடக்கும். ஒரு விதவைத் தாயின் அன்றாடப் பால்காசு அதோடு போய்விடும். களவெடுப்பவன் எந்தச் சமூகமாகவும் இருக்கட்டும். அந்த இறைச்சியைக் குறைந்த விலைக்கு வாங்குபவர் நம்மில் இருந்தால், ஞானப்பிரகாசரின் தொழுவத்துக்கு ஆள் அனுப்பிய தேசாதிபதிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? பிஸ்மி சொல்லி அறுத்தாலும் பறித்த சொத்து பறித்த சொத்துதான்.

ஆகவே இளைஞர்களின் கேள்விகளுக்கு வருவோம். மார்க்கம் தடுத்தது ஓடும் இரத்தத்தை. முறைப்படி அறுத்து இரத்தம் வடிந்த பின் தசையில் தெரியும் சிவப்பு, மையோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். அது குற்றமில்லை என்பதே உலமாக்களின் பொதுவான கருத்து. ஹலாலா என்று கேட்கும்போது அறுப்பை மட்டும் கேட்காதீர்கள். சோஸில் வைன் ஊற்றினார்களா, அதே கல்லில் பன்றி இறைச்சியும் சுட்டார்களா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, காசு கொடுப்பது நீங்கள்.

கடையில் வாங்கும்போதும் இதே மாதிரிக் கேளுங்கள். உரிமம் உள்ள கடையா? கொல்களத்தில் பரிசோதித்த மாடா? விலை ஏன் இவ்வளவு குறைவு? நேர்மையாகத் தொழில் செய்யும் நம் கடைக்காரர்களுக்கு இந்தக் கேள்விகள்தான் பாதுகாப்பு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1990க்கு முன் சோனகத் தெருவிலும் ஐந்து சந்தியிலும் இருந்த சாப்பாட்டுக் கடைகள், இறைச்சிக்கடைகள் பற்றி உங்கள் வாப்பா, பெரியவாப்பாமாரிடம் கேட்டு எழுதுங்கள். எந்த இடம், எந்த வருடம், என்ன விலை, என்ன கறி. புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் உள்ளவர்களும் எழுதுங்கள். அறிந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எழுதியவற்றைத் தொகுத்து நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கையில் கொடுப்போம்.