ஐசியு மானிட்டரில் ரெண்டு பிபி காட்டுதே... எது சரி? பட்டை கட்டுவதற்கும் ரத்தக்குழாயில் ஊசி போடுவதற்கும் என்ன வித்தியாசம்?

ஐசியு-வில் சேர்க்கப்பட்ட உறவினரைப் பார்க்கப் போகிறீர்கள். கட்டில் பக்கத்து மானிட்டரில் ஓரிடத்தில் பிபி 92/52 என்று ஓடுகிறது. அதே திரையில் இன்னொரு இடத்தில் 106/50 என்று இருக்கிறது. ஒரே ஆளுக்கு எப்படி ரெண்டு பிபி? மெஷின் கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. ஒன்று ரத்தக்குழாய்க்குள் இருந்தே அளந்தது. மற்றொன்று கையில் பட்டை கட்டி வெளியிலிருந்து அளந்தது. இந்த ரெண்டு முறையும் எப்படி வேலை செய்கிறது, எதை எப்போது நம்பலாம்? பார்ப்போம்.

பட்டை கட்டிப் பார்ப்பது எப்படி வேலை செய்கிறது?

கையில் பட்டை கட்டி அளக்கும் முறையை 1896-ல் இத்தாலி மருத்துவர் ரிவா-ரோச்சி கொண்டுவந்தார். பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்து, ரத்தம் பாயும் சத்தத்தைக் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் கண்டுபிடிக்கலாம் என்று 1905-ல் சொன்னவர் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ்.

இன்று வீட்டிலும் வார்டிலும் இருக்கும் டிஜிட்டல் மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. காற்று இறங்கும்போது பட்டையில் ஏற்படும் சின்னச் சின்ன அதிர்வுகளைப் பார்க்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம்தான் சராசரி அழுத்தம். அதை வைத்து மேல் அளவையும் கீழ் அளவையும் மெஷினே கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதனால் நோயாளி நடுங்கினாலோ, கையை ஆட்டினாலோ, இதயத்துடிப்பு சீராக இல்லாவிட்டாலோ கணக்கு தப்பலாம்.

ரத்தக்குழாய்க்குள் அளப்பது எப்படி?

இதற்கு 'ஆர்டீரியல் லைன்' என்று பெயர். பெரும்பாலும் மணிக்கட்டில், நாம் நாடி பார்க்கும் இடத்தில் இருக்கும் தமனிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகுவார்கள். சலைன் நிரம்பிய டியூப் வழியாக ரத்தத்தின் அழுத்தம் ஒரு சென்சாருக்குப் போகும். சென்சார் அதை மின் சிக்னலாக மாற்ற, மானிட்டரில் அலை அலையாகக் கோடு ஓடும்.

இதன் வரலாறு பட்டையைவிடப் பழையது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயை இணைத்து ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். 8 அடிக்கும் மேல் ஏறியது! 1733-ல் இதை நூலாக வெளியிட்டார்.

யாருக்கு இது தேவைப்படும்?

பட்டை மெஷின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால், நடுவில் நடப்பது தெரியாது. ஆர்டீரியல் லைன் ஒவ்வொரு துடிப்புக்கும் பிபி காட்டும். அதனால்தான் இவர்களுக்கு இது பயன்படுகிறது:

• இதய அறுவை சிகிச்சை போன்ற பெரிய ஆபரேஷன் நடப்பவர்கள்
• பிபி மிகவும் இறங்கி, அதை ஏற்ற மருந்து தொடர்ந்து செலுத்தப்படுபவர்கள்
• ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க அடிக்கடி ரத்த மாதிரி எடுக்க வேண்டியவர்கள்

அப்படியானால் உள்ளே அளப்பதுதான் எப்போதும் சரியா?

அப்படியும் சொல்ல முடியாது. டியூபில் காற்றுக் குமிழியோ ரத்தக் கட்டியோ இருந்தால் மேல் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சென்சார் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே இறங்கிவிட்டால் பிபி 7 முதல் 8 வரை கூடுதலாகக் காட்டும். கட்டிலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் நர்ஸ் சென்சாரைச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

பட்டைக்கும் ஒரு பழக்கம் உண்டு. பிபி மிகவும் இறங்கியிருக்கும்போது மேல் அளவைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். மிகவும் ஏறியிருக்கும்போது குறைத்துக் காட்டும்.

அதனால் ஐசியு டாக்டர்கள் அதிகம் கவனிப்பது 'மீன்' எனப்படும் சராசரி அழுத்தத்தை. கீழ் அளவை இரண்டால் பெருக்கி, மேல் அளவைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் தோராயமாக அது கிடைக்கும். மேலே சொன்ன 92/52-க்கு சராசரி 65. 106/50-க்கு 69. மேல் அளவில் 14 வித்தியாசம் இருந்தாலும் சராசரியில் 4 தான்! கிருமித்தொற்றால் பிபி இறங்கியவர்களுக்கு இந்தச் சராசரியை 65-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சையின் முதல் இலக்கு. ரெண்டு அளவுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் தயங்காமல் டாக்டரிடம் கேளுங்க.

ஆபத்து உண்டா?

பெரிய சிக்கல் வருவது அரிது. ஆனால் ரத்தக்கசிவு, தொற்று, விரல்களுக்கு ரத்த ஓட்டம் குறைவது ஆகியவை நேரலாம். டியூப் கழன்றால் ரத்தம் வேகமாக வெளியேறும். அந்தக் கை விரல்கள் வெளுத்தோ, சில்லென்றோ இருந்தாலும், கட்டு ரத்தத்தில் நனைந்திருந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடணும். டியூபை நாமே தொடக்கூடாது.

பிபி இறங்கிய எல்லோருக்கும் உடனே லைன் போட வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. பிரான்ஸில் ஐசியு-வில் இருந்த சுமார் 1,000 பேரிடம் நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. முதலில் பட்டையால் அளந்து, தேவைப்பட்டால் மட்டும் பிறகு லைன் போடப்பட்டவர்களிடம், 28 நாளில் இறப்பு அதிகமாகவில்லை. எனவே 'எங்க அப்பாவுக்கு ஏன் லைன் போடலை?' என்று பதறத் தேவையில்லை.

வீட்டில் பிபி பார்க்கும்போது என்ன கவனிக்கணும்?

நம்மில் பெரும்பாலோருக்குப் பட்டை மெஷினே போதும். தப்பு வருவது பெரும்பாலும் நாம் பார்க்கும் விதத்தில்தான்.

• பட்டை அளவு: 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கைக்குச் சாதாரணப் பட்டை கட்டியபோது மேல் அளவு சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. இல்லாத பிபிக்கு மாத்திரை சாப்பிட இது போதும்!
• கை: மேஜை மீது, இதய மட்டத்தில் இருக்கட்டும். மடியில் வைத்தாலும் தொங்கவிட்டாலும் அளவு கூடும்.
• உட்காரும் விதம்: முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் பதித்து, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் அமைதியாக இருங்க. அளக்கும்போது பேசாதீங்க.
• முன் அரை மணி நேரம்: டீ, காபி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்க.
• ஒரு நிமிட இடைவெளியில் ரெண்டு முறை அளந்து ரெண்டையும் எழுதி வைங்க.
• டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட கையில் பட்டை கட்டவே கூடாது.

வீட்டில் எடுக்கும் சராசரி தொடர்ந்து 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்க.

ஸ்மார்ட் வாட்ச் பிபியை நம்பலாமா?

பட்டையே இல்லாமல் பிபி சொல்லும் வாட்ச், மோதிரங்களை நோயைக் கண்டறியவோ மருந்தை மாற்றவோ பயன்படுத்த வேண்டாம் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். வாட்ச் அதிகமாகக் காட்டினால் மேல் கையில் பட்டை கட்டி ஒருமுறை சரிபாருங்க. வாட்ச் நார்மல் என்று காட்டுகிறதே என மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீங்க.

(இது பொதுவான தகவல் மட்டுமே. சிகிச்சை, மருந்து தொடர்பான முடிவுகளை உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி எடுக்கவும்.)