ஆலைக் கதவுக்கு வெளியே

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில், இ.எஸ்.ஐ. என்று நாம் சொல்லும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார் நேரு. அன்றே அவரும் கௌரவக் காப்பீட்டாளராகப் பதிந்துகொண்டார். ஆலைச் சங்கு கேட்டு ஒருநாளும் ஓடியிராத தொழிலாளி! அதே நாளில் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. இரண்டு ஊரிலும் சேர்த்து 1.20 லட்சம் பேர்.

வெள்ளையர் காலத்திலேயே, 1944இல், பேராசிரியர் பி.பி. அடார்கர் கொடுத்த அறிக்கைதான் இதற்கு விதை. 1948இல் அது சட்டமானது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது கோவைக்கு, 1955 ஜனவரி 23இல். பஞ்சாலை ஊராயிற்றே.

அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குக் கூலிக்காரர் வீட்டுக் கணக்கு தெரிந்திருந்தது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததோடு, வேலைக்குப் போகாமல் படுத்திருந்த நாள்களுக்கும் பணம் கொடுத்தார்கள். பிரசவ காலத்துக்கும் உண்டு. இயந்திரத்தில் விரல் போனால் அதற்கும் உண்டு. நோய் வந்தால் மருந்துச் செலவு ஒரு பக்கம், போன கூலி இன்னொரு பக்கம். ஏழை வீட்டில் அடுப்பு அணைவது பெரும்பாலும் இரண்டாவதால்தான்.

ஆனால், விசையில் இயங்கி 20 பேராவது வேலை செய்யும் தொழிற்சாலை, மாதம் 400 ரூபாய்க்கு மிகாத சம்பளம் என்று எல்லை கட்டியிருந்தார்கள். கதவுக்கு வெளியே கைவண்டி இழுத்தவரும் வீட்டு வேலை செய்த பெண்ணும் கணக்கில் வரவில்லை.

அகமதாபாத்தில் அவர்களே வழி தேடினார்கள். இளா பட் 1972இல் தொடங்கிய 'சேவா' சங்கத்தில் காய்கறி விற்பவர்களும் பீடி சுற்றுபவர்களும் சேர்ந்தார்கள். 1974இல் சொந்தமாக வங்கி வைத்தார்கள். கடன் தவணை ஏன் நின்றது என்று பார்த்தால் பல வீடுகளில் நோய், சாவு. 1992இல் அந்தச் சங்கமே காப்பீட்டில் இறங்கியது.

அரசுகள் வந்து சேர இன்னும் நாளாயிற்று. 2007இல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ. 2009இல் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆட்சி மாறியது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீடு என்று பெயரும் அட்டையும் மாறின. 2018இல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்து, வரம்பு 5 லட்சமானது.

இதய அறுவைக்குக் கடன் வாங்க ஓடிய குடும்பங்களுக்கு இது பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் 1952இன் ஒரு பாதிதான் இது. தள்ளுவண்டியில் இட்லி விற்பவர் டெங்குவில் பத்து நாள் படுத்தால் அரசு மருத்துவமனையில் கட்டில் கிடைக்கும். போன பத்து நாள் வியாபாரத்துக்கு இந்த அட்டையில் ஒரு ரூபாயும் கிடையாது.